எட்டாம் பிளாக்கின் மண்டையன்

எட்டாம் பிளாக்கின் போர் தண்ணீர் ஒன்றுக்கும் உதவாது என்பதை அங்கே குடியிருந்த முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் சீப்போடு முடி வரும், அடிபம்பின் வாயில் வெள்ளையாய்ப் படிந்து ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சுரண்ட வேண்டும். ஆனால் ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பெரிய ஏரியைச் சேர்ந்த பரம்பரையில் பிறந்து, கொளத்தூர் மீன் சந்தையில் பாலிதீன் பைக்குள் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சிக்லிட் மீன், அந்தத் தண்ணீரைத் தன் பிறந்த வீட்டுத் தண்ணீராகவே எடுத்துக்கொண்டு, விரல் நீளத்திலிருந்து ஒரு அடி நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. உடம்பில் ஆறு கறுப்புப் பட்டைகள். நெற்றியில் எங்கேயோ இடித்துக்கொண்டு வீங்கியதுபோல ஒரு புடைப்பு. அதனால் பேர் மண்டையன்.

மீனை வாங்கியவன் இரண்டாவது மாடி அம்சவேணியின் கணவன் தனகோடி. வாங்கி, ஐந்தடிக் கண்ணாடித் தொட்டி செய்து, இரும்பு ஸ்டாண்டு அடித்து, ஹாலில் பீரோ இருந்த இடத்தில் அதை வைத்து, பீரோவைச் சமையலறைக்குள் தள்ளி, நாலு வருஷம் ஆசை ஆசையாக வளர்த்துவிட்டு, மஸ்கட்டில் கிரேன் ஓட்டப் போய்விட்டான். புறப்படும்போது மனைவியிடம் மூன்று விஷயம் சொன்னான். ஞாயிறு தவறாமல் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், தீனி காலையில் ஒரு வேளை சாயந்திரம் ஒரு வேளை, கரண்ட் போனால் காற்று மோட்டார் பேட்டரியில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்பது நாலாவதாக வந்திருக்கும். அதற்குள் டாக்ஸி வந்துவிட்டது.

அம்சவேணி ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் இருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக நின்றபடியே சட்டை தேய்த்துத் தேய்த்து, உட்காருவது எப்படி என்று அவள் கால்களுக்கே மறந்துபோயிருந்தது. ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லீவு, அந்த ஒரு நாளும் கீழேயிருக்கும் அடிபம்புக்கும் இரண்டாவது மாடிக்கும் பதினைந்து நடை பக்கெட் தூக்கியே சாயும். தனகோடி வாரம் இரண்டு தடவை போன் செய்வான், எடுத்ததும் "சாப்ட்டானா?" என்பான். "சாப்ட்டான்" என்பாள். தான் சாப்பிட்டோமா என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வரும்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம், கீழ்வீட்டில் இட்லிக் கடை போடும் கெஜலட்சுமி, உறைக்கு மோர் வாங்க வந்தவள், மோர் வரும்வரை தொட்டிக்கு எதிரே கிடந்த பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தாள். விடியுமுன் எழுந்து மாவு கரைத்து, இட்லி ஊற்றி, தட்டு கழுவி, மறுநாளைக்கு அரிசி நனைத்துவிட்டு வந்திருந்தாள். தொட்டியின் மூலையில் கல்லடியில் கிடந்த மண்டையன் மெதுவாகப் புறப்பட்டு வந்து, நடுத்தொட்டியில் துடுப்புகூட ஆடாமல் நின்று, அவளைப் பார்த்தது. அம்சவேணி உறை மோரைக் கொண்டுவந்து நீட்டியபோது கெஜலட்சுமி எழுந்து நின்று, இடது முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"வேணி, உன் மீனு என் அசதிய வாங்கிக்கிச்சுடி," என்றாள், கடனாகக் கொடுத்த சொம்பைத் திருப்பி வாங்கியதுபோல அவ்வளவு சாதாரணமாக. பிறகு மோரை மறந்துவிட்டுப் படியில் இறங்கி, இறங்கின வேகத்தில் திரும்ப ஏறி வந்து மோரை வாங்கிக்கொண்டு போனாள். பதினாறு வருஷமாகக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துத்தான் அவள் மாடி ஏறுவாள்.

எட்டாம் பிளாக்கில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. லாரி வராத நாளில் எங்கே தண்ணீர் வரும், ரேஷனில் எந்தக் கிழமை பாமாயில் போடுவார்கள் என்பதுபோல, இரண்டாவது மாடியில் வேணி வீட்டு மீன் அசதி வாங்கிக்கொள்ளும் என்பதும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய ஒரு தகவலாக வீடு வீடாகப் போயிற்று. மறுநாள் ஆட்டோ டில்லிபாபு வந்து உட்கார்ந்தார், எழுந்து போகும்போது விசில் அடித்துக்கொண்டு போனார். அதற்கு மறுநாள் ஒன்பது பேர். அந்த வாரக் கடைசியில் செருப்புகள் வாசலிலிருந்து படிக்கட்டு வரைக்கும் வரிசை கட்டிக் கிடந்தன.

ஆள் சேர்ந்தால் குடியிருப்போர் சங்கம் சும்மா இருக்குமா? செயலாளர் ருத்ரமூர்த்தி ஒரு நோட்டீஸ் எழுதி அம்சவேணி வீட்டுக் கதவில், அவளைக் கேட்காமலே ஒட்டினார். காலை ஐந்தரையிலிருந்து ஏழு, மாலை ஆறிலிருந்து எட்டரை. ஒருவருக்குப் பத்து நிமிடம். நைட் டூட்டி பார்த்தவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் முதல் இடம். கண்ணாடியைத் தட்டக் கூடாது. மற்ற பிளாக் விருந்தாளிகளுக்கு அனுமதி இல்லை. அடுத்தவர் அசதியைத் தன் அசதி என்று சொல்லிக் கொண்டுவரக் கூடாது. கடைசி விதி ஒன்றாவது மாடிக்காரர் ஒருவருக்காகச் சேர்த்தது. அவர் திருவள்ளூரிலிருக்கும் தன் அண்ணனின் அசதியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார் என்று புகார். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், அவர் எழுந்து போன பிறகு அந்தச் சேரில் வயல் சேற்று வாசனை அடித்ததாம்.

இத்தனைக்கும் நடுவில், கதவைத் திறப்பவள் அம்சவேணி, சேரைத் துடைப்பவள் அம்சவேணி, இருபது பேர் வந்துபோன காலடி மண்ணைக் கூட்டி, தரையைத் துடைத்து, அதற்குமேல் கம்பெனிக்கு ஓடுபவள் அம்சவேணி. வந்தவர்கள் அசதி இறங்கின முகத்தோடு, "நீ குடுத்து வச்சவ வேணிக்கா, எப்ப வேணா உக்காந்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவளும் உட்கார்ந்து பார்க்காமல் இல்லை. எட்டரைக்கு எல்லோரையும் அனுப்பிவிட்டு அந்தச் சேரில் போய் உட்காருவாள். உட்கார்ந்த மாத்திரத்தில் மண்டையன் பாய்ந்து கண்ணாடிக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, வாலை ஆட்டி, மேலும் கீழும் ஏறி இறங்கி, தீனி கேட்கும். மற்றவர்களுக்கு முன்னால் நடுத்தொட்டியில் சிலையாக நிற்கிற அதே மீன்தான். எழுந்து போட்டுவிட்டு வந்து உட்காருவாள், இன்னும் கேட்கும். கெஜலட்சுமியின் நைட்டியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள், முந்தானையால் முக்காடு போட்டுப் பார்த்தாள், முதுகைக் காட்டிக்கூட உட்கார்ந்து பார்த்தாள். அது முதுகிடம் தீனி கேட்டது. இருக்கிற பத்து நிமிஷமும் எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்தே தீர்ந்துபோகும், அவள் போய்ப் படுப்பாள், படுத்தாலும் கால் இரண்டும் நின்றுகொண்டேதான் இருக்கும். ஒரே ஒரு தரம், ஒரே ஒரு பத்து நிமிஷம், அது தன்னை மற்றவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது. அதைவிட வேறு ஒன்றும் அவள் அந்த வருஷம் ஆசைப்படவில்லை.

அசதி போய்விடும் என்று தெரிந்தபிறகு யார்தான் அளவோடு இருப்பார்கள்? கெஜலட்சுமி காலையில் இட்லி, மத்தியானம் தக்காளி சாதம், சாயந்திரம் பஜ்ஜி என்று ஆக்கிக்கொண்டாள். டில்லிபாபு பகல் சவாரியோடு இராச் சவாரியையும் எடுத்தார். ருத்ரமூர்த்தி அறுபத்தொரு வயதில் ஒரு அப்பார்ட்மெண்டுக்கு வாட்ச்மேனாகச் சேர்ந்தார், பிறகு இன்னொரு அப்பார்ட்மெண்டுக்கும் சேர்ந்தார். அம்சவேணியின் கம்பெனியில் வேலை செய்த எட்டாம் பிளாக் பெண்கள் ஏழு பேரும் சிரித்துக்கொண்டே ஓவர்டைம் பார்த்தார்கள், இவள் மட்டும் நாலு மணிக்கே மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உனக்கு மட்டும் இன்னாம்மா?" என்றார் சூப்பர்வைசர். "உன் வூட்லதான மீனு கீதாம்?" அவள் இன்னொரு சட்டையை எடுத்து விரித்தாள்.

தை பிறந்து பத்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் அம்சவேணி தீனி போட்டாள், மண்டையன் வரவில்லை. சாயந்திரமும் வரவில்லை. தாடை தொங்கித் தொண்டை பை மாதிரி வீங்கி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கல்லடியில் கிடந்தது. அன்றைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் பத்து நிமிஷமும் உட்கார்ந்து, வந்தபடியே எழுந்து போனார்கள். "இன்னா வேணி, ஒயுங்கா கவனிக்கிறதில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆறாவது நாள் அவள் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கொளத்தூர் சந்தைக்குப் போய், தனகோடிக்கு அந்த மீனை விற்ற ஹயாத் பாஷாவைக் கூட்டி வந்தாள்.

பாஷா பாய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொட்டிக்கு எதிரே குந்தி, கால் மணி நேரம் பார்த்தார்.

"சீக்கு ஒண்ணும் இல்லம்மா. வாயில வச்சிருக்கு."

"இன்னாத்த பாய்?"

"இந்த ஜாதி வாயில வச்சி வளக்குற ஜாதி. முட்டைய வாயில வாங்கி, குஞ்சு ஆவுற வரைக்கும் வச்சிருந்து, நீந்துற பதம் வந்தப்பறம்தான் வெளிய வுடும். முப்பது நாள், நாப்பது நாள். அது வரைக்கும் ஒரு வாய் தின்னாது. தின்னா உள்ள இருக்கிறது வயித்துக்குள்ள போய்டும்ல?"

"அப்ப இது…"

"பொம்பள. இதுல ஆணுக்கும் பொண்ணுக்கும் ரெண்டுக்கும் மண்ட இருக்கும், பாத்தா தெரியாது." பிறகு அவருக்கே சந்தேகம் வந்து, தொட்டியை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். "ஜோடி எங்க?"

"ஜோடி கிடையாது பாய். இது ஒண்ணுதான்."

"அப்ப எத வாங்கி வச்சிருக்கு?"

அம்சவேணிக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டது. ஆடியிலிருந்து தை வரைக்கும், காலையும் மாலையும், முப்பத்தோரு வீட்டின் அசதியும் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்டதில்லை. மீன் தின்றுவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது தின்னவில்லை, போட்ட தீனியை மட்டும் விழுங்கிக்கொண்டு அசதியைக் கன்னத்து ஓரத்தில் ஒதுக்கி ஒதுக்கிச் சேர்த்து, வாய் நிறைந்ததும் இறுக்கி மூடிக்கொண்டு வளர்க்க ஆரம்பித்திருந்தது. இனிமேல் ஒரு பொட்டு இடம் அதன் வாயில் இல்லை.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கம்மா," என்றார் பாஷா, செருப்பை மாட்டிக்கொண்டே. "வெளிய வுட்டதும் நல்லா தீனி குடுத்துத் தேத்து. தேறுறதுக்குள்ள இன்னொரு ஈடு வாயில வாங்குச்சுன்னா தாங்காது. செத்துரும்."

சங்கக் கூட்டம் மொட்டை மாடியில் நடந்தது. பாஷா சொன்னதை அம்சவேணி சொன்னாள். வளர்ந்து நீந்தி வரப்போகிற தன் தன் அசதியை ஒவ்வொருவரும் மனசுக்குள் அளந்து பார்த்திருக்க வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்ள மருந்து உண்டா என்று ஒருவர் கேட்டார். பேசாமல் ரெட்டேரியில் கொண்டுபோய் விட்டுவிடலாம், எட்டு பேர் பிடித்தால் தொட்டியோடு தூக்கிவிடலாம் என்றார் ருத்ரமூர்த்தி.

"ஏரில வுட்டா ஊருக்கே இல்ல அசதி புடிக்கும்," என்றாள் கெஜலட்சுமி. "ஏற்கனவே ஊரு நல்லாவா கீது?"

"அப்ப வேணிதான் ஒரு வழி சொல்லணும். அவங்க மீனு, அவங்க பொறுப்பு," என்றார் ருத்ரமூர்த்தி.

அம்சவேணி எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "என் மீனுதான் சார். ஆனா அது வாயில இருக்கிறது என்னுது இல்ல. அதுல என்னுது ஒரு பொட்டு கூட இல்ல. ஆறு நாளா பட்டினி கெடக்குது, இன்னும் ஒரு மாசம் கெடக்கணும், எல்லாம் உங்களுதுக்காவ. இந்த மீன யாராவது தொட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன். அது வாயத் தொறக்குற அன்னைக்குச் சொல்றேன். ஆளாளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கினு வந்து அவங்கவங்களத அவங்கவங்க கொண்டு போங்க." சொல்லிவிட்டு, அவளுக்கே அதிர்ச்சியாக இருந்ததால், கூட்டம் முடியும் முன்பே கீழே இறங்கிவிட்டாள்.

அப்புறம் வந்த நாட்கள் அந்த வீட்டில் அமைதியான நாட்கள். யாரும் வரவில்லை. கதவில் நோட்டீஸ் இருந்தது, செருப்புகள் இல்லை. அவள் வேலை விட்டு வந்து, சேரில் உட்கார்ந்து, மண்டையனைப் பார்ப்பாள். இப்போது அது தீனி கேட்பதில்லை. அவளும் ஒன்றும் கேட்பதில்லை. நெற்றிப் புடைப்பு வற்றி, வயிறு ஒட்டி, முதுகு எலும்பு தெரிய ஆரம்பித்தது. "டேய்" என்று கூப்பிட்டுப் பழகிய வாய், "ஏண்டி இப்படிக் கெடக்குற," என்று கேட்கக் கற்றுக்கொண்டது. தனகோடி போனில் "சாப்ட்டானா?" என்றபோது, மனசு கேட்காமல் "சாப்ட்டான்" என்றே சொன்னாள்.

நாற்பத்திரண்டாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டையன் கல்லடியிலிருந்து வெளியே வந்து மணலுக்கு மேலே வாயைத் திறந்தது. சுண்டுவிரல் நகத்தளவு, கறுப்புப் பட்டை போட்ட மீன்கள், ஒன்று, பிறகு இரண்டு, பிறகு கொத்துக் கொத்தாக நீந்தி வந்தன. அம்சவேணி படிக்கட்டில் நின்று ஒரு குரல் கொடுத்தாள். குடம், பக்கெட், சோற்றுப் பானை, ஊறுகாய் பாட்டில் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எட்டாம் பிளாக் வரிசையில் வந்து நின்றது. யாரும் முண்டியடிக்கவில்லை. தன்னுடைய சுமையை வாங்க யார் முண்டியடிப்பார்கள்?

எது யாருடையது என்று ஒருவருக்கும் குழப்பம் வரவில்லை. இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நீந்தியதைப் பார்த்ததும் கெஜலட்சுமி, "இதுதான், என் முட்டி," என்று பாத்திரத்தை நீட்டினாள். டில்லிபாபுவினுடையது கண் எரிகிறாற்போல ஓரமாகவே நின்றது. ருத்ரமூர்த்தி தன்னுடையது இவ்வளவு பெரிதாக இருக்காது என்று தகராறு செய்துவிட்டு, அது அவர் குடத்துக்குள் தானாகவே வந்து புகுந்த பிறகு பேசாமல் வாங்கிக்கொண்டார். குடத்தோடு வீட்டுக்குள் போனவர்கள் அப்படியே படுத்தார்கள். இரண்டு நாள் எட்டாம் பிளாக்கில் கடை திறக்கவில்லை, ஆட்டோ எடுக்கவில்லை, வாசலில் போட்ட பால் பாக்கெட்டுகள் திரிந்துபோயின. பிறகு எழுந்து, வேறு வழியில்லாமல், அதற்கும் தீனி போட்டார்கள், தண்ணீர் மாற்றினார்கள். கண்ணுக்குத் தெரிகிற பொருளாக ஆகிவிட்டதால் ஒருவரையொருவர் விசாரிக்கவும் முடிந்தது. உன்னுது எப்படி இருக்கு, கொஞ்சம் பெருத்துப்போச்சு, அப்ப ஒரு வேலைய வுட்டுடு என்று படிக்கட்டில் பேசிக்கொள்வது வழக்கமாகிப்போனது.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசிக் குடமும் இறங்கிப் போன பிறகு, அம்சவேணி தொட்டியை எட்டிப் பார்த்தாள். தன்னுடையது என்று சொல்ல ஒரு குஞ்சுகூட அதில் இல்லை. கதவைச் சாத்தினாள். விடியற்காலை வாங்கி வைத்திருந்த இறாலை உரித்து, நரம்பெடுத்து, பொடிப் பொடியாக நறுக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் விட்டாள்.

மண்டையன் வந்தது. நாற்பத்திரண்டு நாள் பட்டினி கிடந்த உடம்பு தடுமாறிக்கொண்டு வந்தது. இறால் துண்டு அதன் மூக்குக்கு நேரே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. "சாப்புடு, சாப்புடு தாயீ," என்று சொன்ன அம்சவேணிக்குக் காலையிலிருந்து நின்ற கால் சட்டென்று விட்டுப்போயிற்று. பக்கத்திலிருந்த சேரில் சாய்ந்தாள்.

மண்டையன் இறாலை விட்டுவிட்டுத் திரும்பியது. நடுத்தொட்டிக்கு வந்து, துடுப்பு ஆடாமல் நின்று, அவளைப் பார்த்தது.

அம்சவேணிக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்டி," என்றாள். "மொதல்ல சாப்புடு. நான் எங்க போவப் போறேன், இங்கதான கீறேன்." எழுந்து ஒரு அடி நகர்ந்திருந்தால் போதும். ஆனால் ஒன்றும் கேட்காமல் அவளை ஒருவர் அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. குதிகாலிலிருந்து புறப்பட்டது, கெண்டைக்கால், இடுப்பு, இஸ்திரிச் சூடு ஏறிக் காய்த்துப்போன வலது மணிக்கட்டு, பதினைந்து நடை பக்கெட் தூக்கின தோள், எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போவது அவளுக்குத் தெரிந்தது. மண்டையன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து மூடிக்கொண்டது, இருபத்திரண்டு வருஷத்து அசதி அது, அந்த ஒரு வாயிலேயே தொண்டை பை மாதிரி புடைத்தது.

அவள் எழுந்தாள். எழுந்ததே தெரியவில்லை, உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. தொட்டிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, மணலில் கிடந்த இறால் துண்டை எடுத்து, அந்த மூடிய வாயின் மேல் வைத்து அழுத்தினாள். "துப்புடி. எனக்குப் பழக்கம்டி, நான் வச்சிக்கிறேன், குடுத்துடுடி," என்று அழுதாள்.

மண்டையன் கல்லடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. இன்னும் நாற்பது நாள் அது சாப்பிடாது.